பழைய கன்வெர்ட்டிபிளை குளிர்காலம் முழுக்க ஓட்டணும், என்னென்ன வேலை பார்க்கணும்?

துணிக்கூரை:
எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட 1996 மாஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கு, முதல் தலைமுறை, 1.8 இன்ஜின், கறுப்பு வினைல் கூரை, பின்னாடி ஜிப் வெச்ச பிளாஸ்டிக் ஜன்னல். இதுவரைக்கும் ஸ்னோ விழ ஆரம்பிச்சதும் கவர் போட்டு ஓரமா நிறுத்திடுவேன், இந்த வருஷம் வேற வண்டி கிடையாது, தினமும் இதுலதான் போய்வரணும். குளிர் -10 சாதாரணமா வரும், சில நாள் -15, ரோட்ல உப்பு போடுவாங்க. வண்டில ஏபிஎஸ் இல்ல, டிராக்‌ஷன் கண்ட்ரோல் இல்ல, பின்சக்கர டிரைவ். முன்னாடி வெச்சிருந்தவர் ஸ்பிரிங் மாத்தி உயரத்தை இறக்கி வெச்சிருக்கார். கூரைல பெரிய கிழிசல் எதுவும் இல்ல ஆனா காலைல உள்பக்கமா கண்ணாடி வேர்த்துப்போய் இருக்கு. வண்டியை எனக்கு ரொம்ப பிடிக்கும், கெடுத்துடக் கூடாது. எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

துருவேட்டை:
ஓட்டாதீங்க. இதான் என் பதில். இந்த மாடல்ல பின்சக்கரத்துக்கு முன்னாடி இருக்கற சில் பகுதி (கதவுக்கு அடியில நீளமா ஓடற தகட்டுப் பெட்டி) துருப்பிடிச்சு அழுகறதுதான் எல்லாருக்கும் தெரிஞ்ச வியாதி. அதுல உப்பும் சேர்ந்தா வெட்டி எடுத்து புது தகடு வெல்டிங் பண்ண வேண்டியதுதான். குளிர்காலத்துக்குன்னு ஒரு பழைய சின்ன கார் வாங்கி ஓட்டுங்க, இதை நிறுத்திடுங்க.

உறைபனி900:
துருவேட்டை சொல்றதுல உப்பு விஷயம் முழு உண்மை, ஆனா ஓட்டவே கூடாதுங்கறதை நான் ஒத்துக்க மாட்டேன். நான் பழைய சாப் 900 கன்வெர்ட்டிபிளை எல்லா குளிர்காலமும் ஓட்டறேன். 1986ல வந்த மாடல், அதை கட்டினதே ஃபின்லாந்துல ஊசிகௌபுங்கி ஆலைல. முன்சக்கர டிரைவ், பின்னாடி சூடாகற நிஜக் கண்ணாடி. கன்வெர்ட்டிபிள்னா வெயில் காலத்துக்கு மட்டும்னு யாரும் எழுதி வைக்கல. ஆனா சாப்ல ஆலையிலேயே வந்தது மாஸ்டால இருக்காது, அதை நீங்களா செஞ்சு சேர்க்கணும், வித்தியாசம் அவ்வளவுதான்.

பட்டறைவாசி:
தம்பி துணிக்கூரை, நீங்க எழுதினதுல எனக்கு முக்கியமா பட்டது ஒண்ணுதான், கண்ணாடி உள்பக்கமா வேர்க்குதுன்னு சொன்னீங்க பாருங்க அது. டயர், பேட்டரி எல்லாம் அப்புறம் பேசலாம். வண்டிக்குள்ள எங்கயோ தண்ணி நிக்குது. முதல்ல சீட்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் கார்பெட்டை கையால நல்லா அழுத்திப் பாருங்க, மேல காஞ்ச மாதிரி இருக்கும், அடியில இருக்கற ஃபோம் ஸ்பான்ஜ் மாதிரி தண்ணியைக் குடிச்சு வெச்சிருக்கும். அந்த ஈரம்தான் ராத்திரி ஆவியாகி கண்ணாடில உட்காருது, -10ல அதுவே உள்பக்க ஐஸ் ஆகிடும், அப்புறம் காலைல வெளிய சுரண்டறதை விட உள்ள சுரண்டற நேரம்தான் அதிகமா இருக்கும்.

இப்ப அந்த தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு பார்க்கணும். இந்த வண்டில கூரைத் துணியோட பின்விளிம்புல மழைத்தண்ணியைப் பிடிக்கற ஒரு பிளாஸ்டிக் வாய்க்கால் ஓடும், அது ரெண்டு பக்கமும் சீட் பெல்ட் கோபுரத்துக்கு (சீட்டுக்குப் பின்னாடி பெல்ட் வெளிய வர்ற உயரமான பகுதி) பின்னாடி ஒரு ஓட்டைல போய் விழும், அங்கேர்ந்து ஒரு ரப்பர் குழாய் கீழ இறங்கி பின்சக்கரத்துக்கு முன்னாடி வண்டிக்கு அடியில வெளிய வரும். இலை, மகரந்தம், கூரைல இருந்து உதிர்ற நூல் எல்லாம் சேர்ந்து அந்தக் குழாயை அடைச்சுடும். அடைச்சா தண்ணி நிரம்பி வழிஞ்சு ஒரு பங்கு கார்பெட்டுக்குப் போகும், ஒரு பங்கு சில்லுக்குள்ள போகும். துருவேட்டை சொன்னாரே அந்த சில் அழுகறது, அது பாதிக்கு மேல உள்ளேர்ந்து வெளிய வர்ற துருதான். வெளிய உப்பு தெளிச்சாலும் தெளிக்காட்டாலும் டிரெயின், அதாவது இந்த வடிகால் குழாய், அடைச்ச வண்டி அழுகத்தான் செய்யும், ஷெட்டுக்குள்ள கவர் போட்டு நிறுத்தி வெச்ச வண்டியும் சேர்த்துத்தான்.

சோதிக்கறது சுலபம். ஒரு டம்ளர் தண்ணியை மெதுவா அந்த ஓட்டைல ஊத்துங்க, ஒரு ஆள் கீழ பார்க்கட்டும். உடனே சரசரன்னு வெளிய வரணும். சொட்டுச் சொட்டா வந்தா அடைப்பு. கம்பி விட்டுக் குத்தாதீங்க, குழாய் கிழியும், இல்லைன்னா இணைப்புலேர்ந்து கழண்டு உள்ளேயே விழுந்துடும், அப்புறம் எல்லாத் தண்ணியும் சில்லுக்குள்ளதான். புல் வெட்டற மெஷின்ல வர்ற தடிமனான நைலான் நூல் இருக்குல்ல, அதோட முனையை நெருப்புல காட்டி உருண்டையாக்கிட்டு மேலேர்ந்து சுழட்டிச் சுழட்டி இறக்குங்க. அடியில சேறு தெரிஞ்சா கீழேர்ந்தும் விடுங்க. ஏர் கம்ப்ரஸர் வெச்சு முழு அழுத்தத்துல ஊதாதீங்க, அதுவும் குழாயைக் கழட்டிடும்.

குளிர் வர்றதுக்கு முன்னாடி இது முடிஞ்சிருக்கணும். அடைச்ச குழாய்ல நிக்கற தண்ணி உறைஞ்சா விரிஞ்சு ரப்பரைப் பிளந்துடலாம், அப்புறம் சீட், பெல்ட் கோபுர டிரிம் எல்லாம் கழட்டித்தான் மாத்த முடியும்.

துணிக்கூரை:
அழுத்திப் பார்த்தேன் அண்ணா. டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி ஈரம் இருக்கு. வலது பக்க டிரெயின்ல ஊத்தின தண்ணி சொட்டுச் சொட்டாத்தான் வந்துச்சு. நைலான் நூல் விட்டதும் கறுப்பா சேறு இறங்குச்சு, இப்ப ஓடுது. இடது பக்கம் நல்லா இருக்கு.

பட்டறைவாசி:
நல்லது. இப்ப சீட்டைக் கழட்டுங்க, நாலு போல்ட்தான், கார்பெட்டைத் தூக்கி ஃபோமைக் காய வைங்க, ஃபேன் போட்டா சீக்கிரம் காயும். தரைத் தகட்டை நல்லா பாருங்க, மேல்துரு இருந்தா சுரண்டி, துரு நிறுத்தற பிரைமர் அடிச்சு மூடுங்க. கார்பெட் முழுசா காயாம திரும்பப் போடாதீங்க. சில்லோட அடிப்பக்கத்துல சின்ன சின்ன வடிகால் ஓட்டை இருக்கும், அதையும் குச்சி வெச்சு திறந்து விடுங்க.

துருவேட்டை:
பட்டறைவாசி சொன்னதை ஏத்துக்கறேன், உள்துரு பெரிய விஷயம்தான். ஆனா உப்பை லேசா எடுத்துக்காதீங்க. சாதா உப்பு -10 பக்கம் போனாலே சரியா வேலை செய்யாது, அதனால நிறைய இடத்துல மெக்னீசியம் குளோரைடு, கால்சியம் குளோரைடு கலந்து தெளிக்கறாங்க. அது ரெண்டும் காத்துல இருக்கற ஈரத்தை இழுத்து வெச்சுக்கும், வண்டி காஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் மடிப்புக்குள்ள ஈரமாவே இருக்கும். இன்னொண்ணு, உப்போட ஓட்டிட்டு வந்து சூடான கராஜ்ல நிறுத்தறதுதான் ரொம்ப மோசம், ஐஸ் உருகி உப்புத்தண்ணி எல்லா மூலைக்கும் போகும், சூட்டுல துரு வேகமா ஓடும். வெளிய குளிர்ல நிக்கற வண்டி அந்த அளவுக்கு அரிக்காது. கராஜ் இருந்தா அடியில கழுவிட்டு நிறுத்துங்க, கழுவ முடியலைன்னா வெளியவே விடுங்க.

மெழுகுப்பூச்சு:
அடிப்பூச்சு பத்தி நான் சொல்றேன், இதுல நிறைய பேர் தப்பான பொருளைத்தான் அடிக்கறாங்க. கறுப்பா தடிமனா ரப்பர் மாதிரி இறுகற அண்டர்கோட் பழைய வண்டிக்கு வேண்டவே வேண்டாம். புது தகட்டுல அடிச்சா பரவாயில்ல, ஏற்கனவே துரு ஆரம்பிச்ச தகட்டு மேல அடிச்சா, ஒரு இடத்துல விரிசல் விட்டதும் தண்ணி உள்ள போய் பூச்சுக்கும் தகட்டுக்கும் நடுவுல மாட்டிக்கும், வெளிய பார்க்க பளபளன்னு இருக்கும் உள்ள தகடு காலி.

எண்ணெய்ப் பசை மாதிரி இறுகாம இருக்கற பொருள்தான் சரி. ஆட்டு ரோமத்துலேர்ந்து எடுக்கற லானோலின் வகை, ஃப்ளூயிட் ஃபிலிம் அந்த ரகம். சில்லுக்குள்ள, பெட்டிப் பகுதிக்குள்ள அடிக்க டினிட்ரால் மாதிரி கேவிட்டி வேக்ஸ், நீளமான குழாய் முனைல எல்லாப் பக்கமும் பீய்ச்சற நாசில் வெச்சு அடிக்கணும். லானோலின் வகை கழுவக் கழுவ போகும், அதனால வருஷா வருஷம் குளிருக்கு முன்னாடி திரும்ப அடிக்கணும். அது சில இயற்கை ரப்பரை ஊத வைக்கும், சஸ்பென்ஷன் புஷ் மேல நேரா அடிக்காதீங்க. பிரேக் டிஸ்க், எக்ஸாஸ்ட் மேல ஒரு சொட்டு படக் கூடாது, பிளாஸ்டிக் கவர் போட்டு மூடிட்டு அடிங்க. ரொம்ப முக்கியம், அடிக்கறதுக்கு முன்னாடி வண்டி அடியில நல்லா கழுவி முழுசா காஞ்சிருக்கணும், ஈரத்து மேல அடிச்சா ஈரத்தை உள்ள வெச்சுப் பூட்டற வேலைதான். அடிச்சதும் அந்த டிரெயின் குழாய் வாயையும் சில் ஓட்டையையும் மறுபடி திறந்து விடுங்க, பூச்சே அடைச்சுடும்.

துணிக்கூரை:
ரொம்ப நன்றி. டயர் என்ன போடறது? இப்ப 15 இன்ச் அலாய்ல கோடை டயர் இருக்கு. பின்சக்கர டிரைவ்தானே, பின்னாடி மட்டும் ரெண்டு வின்டர் டயர் போட்டா போதுமான்னு ஒருத்தர் கேட்டார்.

உறைபனி900:
நாலும் போடணும். இதுல பேரமே கிடையாது. பின்னாடி மட்டும் பிடிச்சு முன்னாடி வழுக்கினா ஸ்டியரிங் திருப்பினாலும் வண்டி நேரா போகும், பிரேக்கும் முக்கால்வாசி முன்சக்கரம்தான் பிடிக்குது. மூணு சிகரம் உள்ள மலையும் நடுவுல ஸ்னோஃப்ளேக்கும் உள்ள சின்னம் டயர் பக்கத்துல இருக்கான்னு பாருங்க, அது ஸ்னோல சோதிச்ச டயர். வெறும் எம்+எஸ் (சேறு, ஸ்னோங்கற அர்த்தம்) எழுத்து மட்டும் இருந்தா அதுக்கு அப்படி சோதனை எதுவும் வேண்டாம், கம்பெனி தானே போட்டுக்கலாம். 7 டிகிரிக்குக் கீழ கோடை டயரோட ரப்பர் இறுகிடும், ஸ்னோ இல்லாத காஞ்ச ரோட்லயும் பிடிப்பு குறையும். உறைநிலைக்குக் கீழ சில ஸ்போர்ட்ஸ் டயர் விரிசலே விடும்.

உங்க வண்டிக்கு ஆலைல வந்தது 14 இன்ச், 185/60. அந்த சைஸ்ல சாதா ஸ்டீல் வீல் தேடிப் போடுங்க. உப்பு பட்டா அலாயை விட ஸ்டீல் வீலுக்கு மனசு வலிக்காது, குழில விழுந்து வளைஞ்சாலும் தட்டி எடுக்கலாம். 175/65ஆர்14 கூட போடலாம், சுத்தளவு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வரும், கொஞ்சம் ஒல்லியா இருக்கறதால ஸ்னோவை வெட்டிட்டுக் கீழ ரோடைப் பிடிக்கும். பழைய ஸ்டாக் வாங்காதீங்க, பக்கத்துல நாலு இலக்க எண் இருக்கும், 2319னா 2019ஆம் வருஷம் 23வது வாரம். பட்டன் 4 மில்லிமீட்டருக்குக் கீழ போனா ஸ்னோல உதவாது, சட்டம் அதுக்குக் கீழ அனுமதிச்சாலும் மாத்திடுங்க. காத்து அடிக்கடி பாருங்க, ஒவ்வொரு 5, 6 டிகிரி குளிருக்கும் சுமார் 1 பிஎஸ்ஐ இறங்கும்.

மலைச்சாலை:
உயரம் இறக்கி வெச்சிருக்காங்கன்னு சொன்னீங்களே, அதைத்தான் யாரும் இன்னும் தொடல. ஆலை உயரத்துக்குத் திரும்ப ஏத்துங்க. ஸ்னோ கனமா இருந்தா முன் பம்பரே கலப்பை ஆகிடும், அடியில ஸ்னோ அடைஞ்சு வண்டி தூக்கிடுச்சுன்னா நாலு சக்கரமும் பாரத்தை இழக்கும், எந்த டயர் போட்டும் பிரயோஜனம் இல்ல. பழைய ஸ்பிரிங் செட் செகண்ட்ஹேண்ட்ல கிடைக்கும். எனக்கு இந்த லிஸ்ட்லயே டயருக்கு அடுத்தது இதுதான்.

கமலி_ஓட்டுநர்:
டிக்கில மணல் மூட்டை வைக்கச் சொல்வாங்க, இந்த வண்டிக்கு அது பெரிசா தேவையில்ல. பிக்கப் மாதிரி பின்னாடி காலியா இருக்கற வண்டிக்கு வந்த யோசனை அது. எம்எக்ஸ்-5ல எடை முன்னும் பின்னும் கிட்டத்தட்ட பாதி பாதி. பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னாடிதான் இருக்கு, 1.8ல 48 லிட்டர், நிறைச்சு வெச்சாலே 35 கிலோ பக்கம் பின் அச்சுக்குக் கிட்ட உட்காரும், டேங்க்குக்குள்ள ஈரம் சேர்றதும் குறையும். பின்னாடி ரொம்ப பாரம் ஏத்தினா வண்டி சுழல ஆரம்பிச்சதும் நிறுத்தறது கஷ்டம்.

மலைச்சாலை:
கமலி அக்கா, மேட்டுல கிளம்பும்போது ஒரு சின்ன மூட்டை உதவுதுங்கறது என் அனுபவம். இறுக்கிக் கட்டியிருக்கணும், அவ்வளவுதான். மாட்டிக்கிட்டா அந்த மணலையே சக்கரத்துக்கு அடியில தூவவும் ஆகும்.

கமலி_ஓட்டுநர்:
தூவறதுக்குன்னா சரி, ஒரு சின்ன பை வெச்சுக்கலாம். ஆனா பிடிப்பு வேணும்னு பாரம் ஏத்தறதுக்குப் பதிலா, துணிக்கூரை, உங்க வண்டில லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் வழுக்கினா மறு சக்கரத்துக்கும் பலம் அனுப்பற அமைப்பு) இருக்கான்னு முதல்ல பாருங்க. 1.8ல டார்சன் வகை ஆப்ஷனா வந்துச்சு. பின்பக்கம் ஜாக்கில தூக்கி, கியர் நியூட்ரல்ல வெச்சு, ஹேண்ட்பிரேக்கை விட்டுட்டு ஒரு சக்கரத்தைச் சுத்துங்க, முன்சக்கரத்துக்கு ஆப்பு வெச்சுட்டு. மறு சக்கரம் அதே பக்கம் சுத்தினா இருக்கு, எதிர்ப்பக்கம் சுத்தினா சாதா டிஃப். இருந்தா கிளம்பறது சுலபம், ஆனா ரெண்டு சக்கரமும் ஒண்ணா வழுக்கும், பின்பக்கம் சட்டுனு பக்கவாட்டுல போகும். அதுக்கு மருந்து பழக்கம் மட்டும்தான். ஸ்னோ விழுந்த முதல் வாரத்துல ஒரு காலி மைதானம் அனுமதியோட கிடைச்சா அங்க போய் மெதுவா பழகுங்க. ரெண்டாவது கியர்ல கிளம்பறது, பிரேக் லாக் ஆனதும் காலை எடுத்து விடறது, பின்பக்கம் போற பக்கமே ஸ்டியரிங் கொடுக்கறது. ஏபிஎஸ் இல்லாத வண்டில இதெல்லாம் காலுக்குத் தானா வரணும், யோசிச்சுப் பண்ண நேரம் இருக்காது.

கூரைத்தையல்:
கூரை பத்தி எழுதறேன், அதான் என் வேலை. வினைல் கூரை குளிர்ல விறைச்சுடும், பிளாஸ்டிக் ஜன்னல் அதைவிட மோசம். 10 டிகிரிக்குக் கீழ கூரையை மடக்காதீங்க. மடக்கியே ஆகணும்னா ஹீட்டர் போட்டு உள்ள நல்லா சூடாக்கி, ஜன்னல் ஜிப்பைத் திறந்து, பிளாஸ்டிக்கைத் தட்டையா படுக்க வெச்சு அது மேல ஒரு மெத்துனு துண்டு போட்டுட்டு மடக்குங்க. ஜிப் திறக்காம மடக்கினா நடுவுல ஒரு மடிப்புக் கோடு விழும், அடுத்த குளிர்ல அந்தக் கோட்டுலயே கிழியும். ஈரக் கூரையை மடக்கி வெச்சீங்கன்னா பூஞ்சை நிச்சயம்.

ஐஸ் சுரண்டற பிளாஸ்டிக் கத்தி முன் கண்ணாடிக்கும் பக்கக் கண்ணாடிக்கும் மட்டும். பின் ஜன்னல்ல அதை வெச்சா ஒரே தடவைல கீறல் விழுந்து பார்வை போயிடும். வெந்நீர் ஊத்தாதீங்க. ஸ்னோவை ஃபோம் தலை வெச்ச தள்ளுகோலால தள்ளுங்க, துணி மேல முள்ளு முள்ளா இருக்கற பிரஷ் வேண்டாம். கூரை மேல கனமான ஸ்னோவை ராத்திரி முழுக்க விட்டு வைக்காதீங்க, சட்டங்களுக்கு நடுவுல துணி தொங்கி தையல் இழுபடும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரை பிளாஸ்டிக்ல தொடவே கூடாது, மங்கிடும்.

கதவு ரப்பர், ஜன்னல் ரப்பர், முன் கண்ணாடிச் சட்டத்துல கூரை உட்கார்ற ரப்பர் எல்லாத்தையும் சோப்புத் தண்ணில துடைச்சு காய வெச்சு சிலிகோன் கிரீஸ் மெலிசா தடவுங்க. இந்த வண்டில பக்கக் கண்ணாடிக்குச் சட்டம் கிடையாது, நேரா ரப்பர்ல போய் அழுந்தும். ரப்பர் உறைஞ்சு ஒட்டிக்கிட்ட கதவை வெடுக்குனு இழுத்தா ரப்பர் கிழியும், கண்ணாடி ஏத்தி இறக்கற மெக்கானிஸமும் போகும். கதவை வெளியிலேர்ந்து உள்ள தள்ளி அழுத்துங்க, ஐஸ் உடையும், அப்புறம் திறங்க. பெட்ரோலியம் ஜெல்லி, சாதா கிரீஸ் எல்லாம் ரப்பரை ஊத வைக்கும், வேண்டாம்.

துணிக்கூரை:
ஹார்ட் டாப் (மேல கழட்டி மாட்டற கெட்டிக்கூரை) போட்டா இதுக்கெல்லாம் ஒரே தீர்வா இருக்குமா?

கூரைத்தையல்:
கிடைச்சா அருமை. 1990லேர்ந்து 2005 வரைக்கும் ரெண்டு தலைமுறைக்கும் ஆலை ஹார்ட் டாப் ஒண்ணுக்கொண்ணு பொருந்தும், அதனால தேடற வட்டம் பெரிசு. பக்கத்துல தாழ்ப்பாள் தகடு உங்க கதவுத் தூண்ல இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா தனியா வாங்கிப் போடணும். நிஜக் கண்ணாடி, சத்தம் குறையும், சூடு நிக்கும். ஆனா உள்ள மடக்கி வெச்ச சாஃப்ட் டாப் முழுக்க காஞ்சிருக்கணும், டிரெயின் அப்பவும் திறந்திருக்கணும், ஹார்ட் டாப் ரப்பர் வழியாவும் தண்ணி அங்கதான் வந்து விழும். அது இருக்குன்னு டிரெயினை மறந்தவங்க நிறைய பேரைப் பார்த்திருக்கேன்.

கிடைக்கலைன்னா, எப்படியும் உங்க கூரைக்கு வயசாச்சுன்னா, சூடாகற கண்ணாடி ஜன்னல் வெச்ச துணிக்கூரையா மாத்துங்க. ரெண்டாம் தலைமுறை ஸ்டைல் கூரை உங்க சட்டத்துலயே உட்காரும், ஜிப் தொல்லை கிடையாது, மடக்கறதுக்கு முன்னாடி ஜன்னலைத் தனியா இறக்க வேண்டாம். பின்னாடி வர்ற வண்டி தெளிவா தெரியறது குளிர்கால இருட்டுல எவ்வளவு பெரிய நிம்மதின்னு மாத்தினாத்தான் தெரியும்.

பட்டறைவாசி:
பேட்டரிக்கு வர்றேன். இந்த வண்டில பேட்டரி டிக்கில இருக்கு, சின்ன சைஸ். அதுக்கு ஏஜிஎம் வகைதான் (ஆசிட்டை கண்ணாடி நார்ப் பாய்ல ஊற வெச்ச மூடின பேட்டரி), ரெண்டு பக்கமும் காத்து வெளிய போற மெல்லிய குழாய் மாட்டறது. விலை கம்மின்னு சாதா ஆசிட் பேட்டரியை அங்க வெச்சா ஆவி வெளிய போக வழி இல்லாம டிக்கித் தகட்டையே அரிச்சுடும், நிறைய வண்டில டிக்கி துரு அங்கேர்ந்துதான் ஆரம்பம். கடுங்குளிர்ல பேட்டரியோட பலம் பாதி வரைக்கும் குறையலாம், அதே நேரம் ஆயில் தடிச்சுப் போய் இன்ஜின் சுத்த அதிக பலம் கேக்கும். சிசிஏ எண்ணைப் பார்த்து வாங்குங்க, அது -18 டிகிரில 30 வினாடிக்கு எவ்வளவு ஆம்பியர் கொடுக்க முடியும்னு சோதிச்ச எண். ராத்திரி நின்ன வண்டில 12.6 வோல்ட் இருக்கணும். சார்ஜ் இறங்கின பேட்டரி -10லேயே உறையலாம், முழு சார்ஜ் இருந்தா உறையாது, அதனால ஓட்டாத நாள்ல மெயின்டெய்னர் (சார்ஜ் இறங்காம பார்த்துக்கற சின்ன சார்ஜர்) மாட்டி வைங்க.

ஆயில் 5டபிள்யூ-30 போடுங்க. காலைல ஸ்டார்ட் பண்ணதும் டிக் டிக்னு சத்தம் கேட்டா பயப்படாதீங்க, இந்த இன்ஜின்ல வால்வு இடைவெளியை ஆயில் அழுத்தத்தால சரி பண்ற ஹைட்ராலிக் லிஃப்டர் இருக்கு, ஆயில் ஏறினதும் அடங்கிடும். கூலன்ட்டும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்தா -37 வரைக்கும் தாங்கும், வெறும் கூலன்ட் மட்டும் ஊத்தினா இன்னும் நல்லதுன்னு நினைக்காதீங்க, சுத்த எத்திலீன் கிளைக்கால் -13லேயே உறைய ஆரம்பிக்கும். ஹீட்டர் வெதுவெதுன்னுதான் வருதுன்னா தெர்மோஸ்டாட் (கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடற வால்வு) திறந்தபடியே மாட்டிக்கிச்சான்னு பாருங்க, சின்ன செலவு, பெரிய மாற்றம்.

பின்பிரேக் காலிப்பரைக் கழட்டி ஸ்லைடு பின்னுக்கு சிலிகோன் கிரீஸ் வைங்க. ஈரமான நாள்ல ராத்திரி ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தாதீங்க, கேபிளுக்குள்ள தண்ணி உறைஞ்சு பிடிச்சுக்கும். சமதளத்துல கியர்ல விட்டு சக்கரத்துக்கு ஆப்பு வைங்க.

கமலி_ஓட்டுநர்:
கண்ணாடி வேர்க்கறதுக்கு இன்னொண்ணு, டிஃப்ராஸ்ட் போடும்போது ஏசியையும் போடுங்க, காத்தை உலர்த்தும். உறைநிலைப் பக்கம் போனா கம்ப்ரஸர் தானா நின்னுடும், அப்ப வெளிக்காத்தை உள்ள விடுங்க, மறுசுழற்சில வைக்காதீங்க. ஏறும்போது பூட்ஸ்ல இருக்கற ஸ்னோவைத் தட்டிட்டு ஏறுங்க, ஆழமான ரப்பர் மேட் போட்டு தண்ணியை அப்பப்ப வெளிய கொட்டுங்க.

அப்புறம் ஒரு பாதுகாப்பு விஷயம். ஸ்னோ விழுந்த காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி எக்ஸாஸ்ட் குழாய் வாயைச் சுத்தி தோண்டி விடுங்க. துணிக்கூரை வண்டில பின்பக்கம், ஜிப், டிக்கி ரப்பர் எல்லாம் முழுசா காத்தை அடைக்காது, குழாய் மூடியிருந்தா கார்பன் மோனாக்சைடு உள்ள வரும், வாசனையே தெரியாது. உள்ள உட்கார்ந்துக்கிட்டு வண்டியைச் சூடாக்காதீங்க.

துருவேட்டை:
சரி, ஓட்டறதுன்னு முடிவாகிடுச்சு, அப்ப கழுவறதை ஒழுங்கா பண்ணுங்க. வெயில் எட்டிப் பார்த்து உறைநிலைக்கு மேல போற ஒவ்வொரு தடவையும் அடியில கழுவணும். சக்கர வளைவோட உள்விளிம்பு, சில் மடிப்பு, பின்சக்கரத்துக்கு முன்னாடி மூலை, சஸ்பென்ஷனைத் தாங்கற சப்ஃப்ரேம். அழுத்தத் தண்ணியைக் கூரைத் தையல்லயும் ஜன்னல் விளிம்புலயும் அடிக்காதீங்க. பிரஷ் சுத்தற ஆட்டோமேட்டிக் வாஷுக்குள்ள துணிக்கூரையைக் கொண்டு போகவே கூடாது. கழுவினதும் உடனே நிறுத்தாம கொஞ்ச தூரம் ஓட்டி பிரேக்கை லேசா பிடிச்சுப் பிடிச்சுக் காய வைங்க. உப்பு தெளிச்ச ரோட்ல போய் வந்துட்டு வாரக்கணக்குல நிறுத்தி வைக்கறதுதான் நான் பார்த்ததுலயே வண்டியை சீக்கிரம் கொல்றது, தினமும் ஓடி ஒழுங்கா கழுவற வண்டி அதைவிட நல்லாத்தான் இருக்கு.

உறைபனி900:
துருவேட்டையே இதைச் சொன்னதுல எனக்கு ரொம்ப சந்தோஷம்.

துணிக்கூரை, இவ்வளவு வேலை பார்த்துட்டு கூரையை மூடியே வெச்சிருக்காதீங்க. ரோடு காஞ்சு, வெயில் அடிச்சு, 10 டிகிரிக்கு மேல வர்ற ஒரு மதியம் கிடைச்சா உள்ள சூடாக்கிட்டு திறங்க. பக்கக் கண்ணாடி ரெண்டையும் ஏத்தி விடுங்க, சீட்டுக்குப் பின்னாடி காத்துத் தடுப்பு மாட்டுங்க, ஹீட்டரைக் காலுக்கு முழுசா வைங்க, காதை மூடற தொப்பி போடுங்க. சின்ன வண்டிங்கறதால ஹீட்டர் சூடு காலைச் சுத்தியே நிக்கும். குளிர்காத்து சுத்தமா இருக்கும், ரோடு காலியா இருக்கும். நான் வருஷம் பூரா காத்திருக்கறதே அந்த மாதிரி நாளுக்குத்தான்.

துணிக்கூரை:
எல்லாருக்கும் மனசார நன்றி. இதுவரைக்கும் ரெண்டு டிரெயினும் சுத்தம், ஃபோம் காஞ்சுடுச்சு, தரைல லேசான மேல்துருதான், பிரைமர் அடிச்சாச்சு. காலைல கண்ணாடி இப்ப காஞ்சு இருக்கு. 14 இன்ச் ஸ்டீல் வீல் நாலு கிடைச்சுது. பழைய ஸ்பிரிங் தேடிட்டிருக்கேன். கூரையைக் கண்ணாடி ஜன்னல் உள்ளதா மாத்தலாம்னு முடிவு, கூடவே ரெண்டு சீட்டுக்கும் சூடாகற பேட் போடலாம்னு ஆசை. வயரிங் எப்படி எடுக்கறது? சிகரெட் லைட்டர் வயர்லேர்ந்து எடுக்கலாமா?

பட்டறைவாசி:
அதுலேர்ந்து எடுக்காதீங்க. பின் கண்ணாடி சூடாக்கி தனியா 10 ஆம்பியருக்கு மேல இழுக்கும், சீட் பேட் ஒண்ணுக்கு 4, 5 ஆம்பியர். பழைய மெல்லிய வயர்ல இதை ஏத்தினா வயர் சூடாகி இன்சுலேஷன் உருகும். பேட்டரி டிக்கில இருக்கறது இங்க உங்களுக்கு வசதி, பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்துலயே ஃப்யூஸ் வெச்சு தடிமனான வயரை நேரா ரிலேவுக்கு (சின்ன மின்சாரத்தால பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கற சுவிட்ச்) கொண்டு போங்க. ரிலேவை இயக்கற சின்ன வயரை மட்டும் இக்னிஷன் போட்டா மின்சாரம் வர்ற லைன்லேர்ந்து எடுங்க, அப்பதான் சாவியை எடுத்ததும் எல்லாம் நிக்கும், ராத்திரி பேட்டரி காலியாகாது. பின் கண்ணாடிக்கு ஒரு ரிலே, சீட்டுக்கு ஒரு ரிலே, தனித்தனி ஃப்யூஸ். பின் கண்ணாடிக்கு பத்து நிமிஷத்துல தானா அணையற டைமர் ரிலே கிடைக்கும், அதைப் போடுங்க.

கூரை மடங்கற இடத்துல போற வயரை இறுக்கமா கட்டாதீங்க, கூரையை முழுசா திறந்து மூடிப் பார்த்து, எங்கயும் சட்டத்துல நசுங்கலைன்னு தெரிஞ்ச பிறகு கிளிப் போடுங்க. ஐடில்ல ஹெட்லைட், ஃபேன், பின் கண்ணாடி, ரெண்டு சீட் எல்லாம் போட்டு பேட்டரில வோல்ட் பாருங்க, 13க்குக் கீழ இறங்கினா நின்ன இடத்துல எல்லாத்தையும் ஒண்ணா போடாதீங்க. எர்த் வயரை பெயின்ட் சுரண்டின சுத்தமான தகட்டுல போல்ட் பண்ணிட்டு, அது மேல மெழுகுப்பூச்சு சொன்ன அந்த வேக்ஸை ஒரு கோட் அடிச்சு விடுங்க.